சிவப்புப் பென்சில் குறி

அத்தியாயம் 17

"உன் வீட்டுக்காரனுக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் இங்க வேலை" என்று அண்ணன் கதவை அறைந்து சாத்தியதில் போன வாரம் நிறுத்தினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை இதோ விடிந்துவிட்டது. அறைந்த வேகத்தில் கழன்ற தாழ்ப்பாளை மட்டும் இன்னும் யாரும் மாட்டவில்லை.

பாப்பாவுக்கு வயது முப்பத்தெட்டு. இருந்தாலும் அவள் வீட்டுக்கும் பாப்பாதான், கிளப்புக்கும் பாப்பாதான். கிளப்பின் செயலாளர் என்று பெயர். ஆட்டக்காரர்களை லீக்கில் பதிவு செய்வதிலிருந்து, துவைக்கப் போன ஜெர்சிகளை எண்ணி வாங்குவது வரை எல்லாமே அவள் தலையில்தான். குடியிருப்பதும் மைதானத்துக்குள், கேலரிக்கு அடியில் இருக்கும் இரண்டு அறையில். கோல் விழுந்தால் அவள் வீட்டுக் கூரைதான் முதலில் அதிரும்.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தன் பெயின்ட் தொழிற்சாலை ஆட்களை வைத்து அவளுடைய அப்பா ஆரம்பித்த அணி இது. ஊருக்கே அவர் முதலாளி. அணிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே பாதிப்பேருக்கு மறந்துவிட்டது, "முதலாளி டீம்" என்றால்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்தது. நாற்காலியில் அண்ணன் ஏறி உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் சும்மா இருந்தானா? புல்லுக்குத் தண்ணீர் அடிக்கும் மோட்டாரை விற்றான். கால் பிடித்துவிடும் மசாஜ்காரரை வீட்டுக்கு அனுப்பினான். சீசன் நடுவில் கோல்கீப்பரை இன்னொரு கிளப்புக்குத் தாரைவார்த்தான். வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ஸை நிறுத்தினான். ராத்திரி முழுக்க ரயிலில் நின்றுகொண்டே போய், காலையில் இறங்கி நான்கு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள் ஆட்டக்காரர்கள். பார்க்கிறவர்கள் "கால்ல தெம்பில்லை" என்றார்கள். கால் என்ன செய்யும் பாவம், அதை நடத்துகிற தலை அப்படி இருந்தால்?

அண்ணன் முட்டாள் இல்லை. முதல் டிவிஷனில் அணி இருக்கும்வரை மைதானத்தை விற்கக்கூடாது என்று அப்பா ஒரு காலத்தில் பத்திரத்தில் எழுதிவைத்திருந்தார். அணி கீழே இறங்கினால் மைதானம் அடுக்குமாடி ஆகலாம். அதனால் சொந்த அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட உலகத்தின் ஒரே நிர்வாகி அவனாகத்தான் இருப்பான். அத்தனையையும் மீறி, ஓட்டைப் படகைக் கையால் இறைத்து இறைத்துக் கரை வரைக்கும் கொண்டுவந்திருந்தான் கோச். அதாவது பாப்பாவின் புருஷன்.

இன்று கடைசி ஆட்டம். டிரா செய்தால் போதும், அணி தங்கும். கோச்சுக்கு வேலை தங்கும், கேலரிக்கு அடியில் குடித்தனமும் தங்கும். தோற்றால் மூன்றும் போச்சு.

* * *

காலை ஒன்பது மணிக்குப் பாப்பா, மைதானத்துக்குப் பின்தெருவில் இருக்கும் அப்பா வீட்டில், பட்டியலோடு அவர் அறையில் நின்றாள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கிளப்புக்கு வரும் எந்தக் காகிதமும் முதலில் முதலாளியின் கைக்குத்தான் போகும். அவர் பிரித்துப் படித்து, மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக் போட்டால்தான் அது ஆபீஸுக்கு வரும். அவர் பிரிக்காத கவரை வேறு யாரும் பிரிக்கக்கூடாது. மெயிலில் அனுப்புகிறோம் என்று லீக்கிலிருந்து மூன்று முறை கேட்டுப்பார்த்தார்கள். "என் கைக்குக் காகிதமா வரணும்" என்று மூன்று முறையும் பதில் போனது. லீக்கும் அலுத்துப்போய் ஆளிடம் கவரைக் கொடுத்து இந்த வீட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. படுக்கையில் விழுந்த பிறகும் டிக் நிற்கவில்லை. இடது கையால் போடுவதால் குறி மட்டும் இப்போது தலைகீழாகச் சாய்ந்து விழும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு இறங்கும் பதினொரு பேர் பட்டியலுக்கும் அதே டிக் வேண்டும்.

"பேரைப் படி" என்றார் அப்பா. பேச்சு மெதுவாக வரும், ஆனால் தெளிவாக வரும்.

பாப்பா படித்தாள். நான்காவது பெயரில் அவர் கையை உயர்த்தினார்.

"யாரு, சுவரா?"

"ஆமாப்பா. சுவர்தான்."

தடுப்பாட்டத்தில் நடுவில் நிற்கிறவன் அவன். ஆறடி இரண்டங்குலம். கூட்டம் வைத்த பெயர்தான் சுவர்.

"அவன் இன்னைக்கு ஆடறானா?"

"அவன் இல்லாம எப்படிப்பா? அவன் ஒருத்தன் நிக்கறதாலதான் டீமே நிக்குது."

முதலாளியின் பென்சில் முனை அந்தப் பெயர்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூலைக்குப் போய் ஒரு டிக் போட்டது.

"நிக்கட்டும்" என்றார்.

 எத்தனை மாதமாயிற்று, அப்பா ஒரு ஆட்டக்காரனைப் பற்றி விசாரித்து! பட்டியலை நீட்டினால் டிக், இல்லையென்றால் ஜன்னல் பக்கம் முகம். இன்று கேட்டாரே. மனுஷருக்குள் ஏதோ இளகியிருக்கிறது என்று நினைத்து அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டாள்.

"அப்பா, இன்னைக்கு ஜெயிச்சா அவரை ஒரு வார்த்தை… மாப்பிள்ளைன்னு கூப்பிடுங்கப்பா."

அப்பா பட்டியலை அவள் பக்கம் தள்ளினார். கோச் இதே அணியில் பதினொரு வருஷம் ஆடியவன். முதலாளியிடம் சம்பளம் வாங்கியவன். அவர் மகளைக் கட்டிப் பதினான்கு வருஷமாகியும் அவரை 'மாமா' என்று கூப்பிட அனுமதி இல்லை, 'முதலாளி'தான். அவரும் அவனை 'அவன்' என்பார். ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தால் 'கோச்' என்பார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்து கதவில் சாய்ந்தான். கையில் சுருட்டிய வரைபடம்.

"என்ன பாப்பா, மரண ஓலை டிக் ஆயிடுச்சா?"

"வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

"வருமே. சாமான் செட்டைக் கட்டி வை. இது நல்ல வார்த்தைதான், அண்ணன்கிற அக்கறையில சொல்றேன். திங்கக்கிழமை வந்து அவசர அவசரமா கட்டினா பாத்திரம் உடையும்."

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஓடிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு பேர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் அனுப்பிய ஆட்கள். ஆட்டம் முடிகிறவரைக்கும்கூடப் பொறுக்கவில்லை மகாராஜனுக்கு. சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் நின்றுகொண்டு சவப்பெட்டிக்கு அளவெடுப்பார்களா? இவன் எடுப்பான்.

உடைமாற்றும் அறையில் கோச் பெஞ்சில் உட்கார்ந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். மசாஜ்காரர் போன பிறகு ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் அவன்தான் தேய்த்துவிடுகிறான். அவனுக்குத் தேய்க்க ஆளில்லை.

"முதலாளி என்ன சொன்னாரு?" என்றான்.

"சுவர் ஆடறானான்னு கேட்டாரு."

"அட! என்னைப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"பரவாயில்லை. பதினாலு வருஷமா அதைத்தானே சொல்றாரு. பழகிடுச்சு."

சிரித்தான். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கையைப் பிடித்து, "இன்னைக்கு நிச்சயம் கூப்பிடுவாரு பாருங்க" என்றாள். எந்த நம்பிக்கையில் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது.

சுவர் குனிந்து உள்ளே வந்தான். "அக்கா, இந்த ஷூ லேஸ் நாலாவது தடவையா அறுந்துபோச்சு. புதுசு கேட்டா, உங்க அண்ணன் முடிச்சுப் போட்டுக்கோங்கறாரு."

"முடிச்சுப் போட இனிமே இடம் எங்கடா இருக்கு?" பாப்பா தன் கைப்பையின் கயிற்றை உருவிக் கொடுத்தாள். "இதைக் கட்டிக்கோ. ஒரு கோல் போட்டுட்டுத் திருப்பிக் குடு."

"நான் தடுக்கறவன்க்கா. கோல் போடறவன் வேற ஆளு."

"இன்னைக்கு ரெண்டும் நீதான்."

பிறகு அவள் பட்டியலை நான்கு நகல் எடுத்து, நான்கிலும் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றின் அடியிலும் லீக் அச்சடித்த வரி ஒன்று இருக்கும்: 'மேற்கண்ட அனைவரும் இந்த ஆட்டத்தில் ஆடத் தகுதியுள்ளவர்கள் என உறுதியளிக்கிறேன்.' ஒன்பது வருஷமாக அந்த வரிக்குக் கீழே அவள் பெயர்தான். மஞ்சள் அட்டைக் கணக்குக்குத் தனி நோட்டு வைத்திருந்தாள். சுவர் பெயரில் இரண்டு. மூன்று ஆனால்தான் ஒரு ஆட்டம் தடை. நோட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, பட்டியலை ஆட்ட அதிகாரியிடம் கொடுத்தாள்.

* * *

முதல் பாதி நரகம். தண்ணீர் காணாத தரையில் பந்து கண்ட இடத்தில் எகிறியது. எதிரணி ஆறு முறை கோலை நோக்கி அடித்தது. இரண்டு கம்பத்தில் பட்டது. ஒன்றைப் புது கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான். மற்ற மூன்றும் சுவரில் பட்டுத் திரும்பின. ஒரு முறை வயிற்றில் வாங்கினான், சுருண்டு விழுந்தான், எழுந்து நின்று 'வாடா' என்று கையாட்டினான். கேலரி எழுந்து கத்தியது.

உரிமையாளர் வரிசையில் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரணி அடிக்கும்போதெல்லாம் அவன் உடம்பு தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்தது. பாப்பா அதைப் பார்த்தாள். அண்ணன் ஆசையாகச் சாப்பிடுவதை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள், அப்போதும் இப்படித்தான் சாய்வான்.

எண்பத்து மூன்றாவது நிமிஷம் ஒரு கார்னர். கோச் கோட்டோரத்தில் நின்று இரண்டு கையையும் வீசினான். "சுவர்! மேல போ! மேல போடா!"

டிரா போதும் என்கிற ஆட்டத்தில் தடுக்கிறவனை மேலே அனுப்புவதா? அண்ணன் நியமித்த துணைக் கோச் தலையில் கை வைத்துக்கொண்டான். சுவர் ஓடினான். பாப்பாவின் கைப்பைக் கயிறு காலில் ஆட, ஓடினான். பந்து வந்தது. எல்லாத் தலைகளுக்கும் மேலே ஒரு தலை எழும்பியது.

ஒன்று, பூஜ்ஜியம்.

மீதி ஏழு நிமிஷமும் உபரி நான்கு நிமிஷமும் எப்படிப் போயின என்று கேட்டால் பாப்பா சொல்லமாட்டாள், ஏனென்றால் அவள் பார்க்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தத்தில்தான் நிமிர்ந்தாள். கூட்டம் தடுப்பைத் தாண்டி உள்ளே குதித்தது. கோச்சைத் தோளில் தூக்கியது. "கோச் டீம்! கோச் டீம்!" என்று மைதானமே அலறியது. அவன் அந்த உயரத்திலிருந்து அவளைத் தேடினான். கண்டதும் சின்னப் பிள்ளை மாதிரி கையை ஆட்டினான்.

ஜெயித்த பந்தை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது கிளப் வழக்கம். "வீட்டுக்கு! வீட்டுக்கு!" என்று கூட்டம் நகர ஆரம்பித்தது.

* * *

கொடிகளைத் திருப்பி வாங்கிக்கொள்ள பாப்பா ஆட்ட அதிகாரிகள் அறைக்குப் போனாள். லைன்ஸ்மேன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். போன ஞாயிறு வெளியூர் ஆட்டத்தில் ரெஃப்ரியாக இருந்தவர் இவர்தான்.

"நல்ல கோல்மா" என்றார். "அந்த உயரமான பையனை இன்னைக்குப் பார்ப்பேன்னு நினைக்கலை. கமிட்டி மன்னிச்சு விட்டுட்டாங்களா?"

"எந்த கமிட்டி சார்?"

"போன வாரம் ஆட்டம் முடிஞ்சு வெளிய வர்றப்ப என்கிட்ட வந்து கன்னாபின்னான்னு பேசினானே. அப்பவே அட்டை காட்டலை, ரிப்போர்ட்ல எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும், புதன்கிழமை லெட்டர் வரும். முடிவு என்னன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. அவன் ஆடறானேன்னதும், சரி, விட்டுட்டாங்க போலன்னு நினைச்சேன்." அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, லெட்டர் வரலையா?"

"வந்திருக்கும் சார். நான் பார்க்கறேன்" என்றாள். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தடையில் இருப்பவன் ஒரு நிமிஷம் ஆடினாலும் ஆட்டம் எதிரணிக்கு. இது விதி. எதிரணி மறுநாள் மாலைக்குள் புகார் கொடுத்தால் போதும்.

புதன்கிழமை. அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவுக்கு மருந்து கொடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள். லீக் ஆள் வாசலில் நின்றான். பழுப்புக் கவர். நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினவள் அவளேதான். பிரிக்கவில்லை. பிரிக்கக்கூடாதே! அப்பா மடியில் வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் அன்றைய காகிதக் கட்டு ஆபீஸுக்கு வந்தபோது அதில் பழுப்புக் கவர் இல்லை. அண்ணன் எடுத்திருப்பான், ஏதாவது சுற்றறிக்கையாக இருக்கும் என்று நினைத்து அவளும் விட்டுவிட்டாள்.

அண்ணன்! வேறு யார்?

ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் வரைபடத்தை மேஜைமேல் விரித்து, அதன்மேல் இரண்டு முஷ்டியையும் ஊன்றி நின்றிருந்தான். முகம் கடுகடுத்தது.

"லெட்டரை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"என்ன உளர்றே?"

"நடிக்காத அண்ணா! சுவர் இன்னைக்கு ஆடக்கூடாதுன்னு லீக் அனுப்பின லெட்டர். தோக்கறதுக்கு இப்படி ஒரு வழியா? எங்க வயித்துல அடிச்சுத்தான் நீ வீடு கட்டணுமா?"

அண்ணன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு புருவம் ஏறியது. பிறகு, விளக்கைத் திரி தூண்டியது போல, முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமானது.

"தடையா?" என்றான். "சுவருக்கா? இன்னைக்கா?"



"உனக்கு… தெரியாதா?"

"சத்தியமா தெரியாது பாப்பா. தெரிஞ்சிருந்தா நேத்து நிம்மதியா தூங்கியிருப்பேனே!" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "ரெண்டு வருஷம்! மோட்டாரை வித்தேன், பஸ்ஸை நிறுத்தினேன், கோல்கீப்பரை வித்தேன். அசையலை உன் புருஷன். இப்ப அவன் இறக்கின ஆளாலயே அவன் போறான். நீ வந்து என் கையில குடுக்கறே!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பாப்பா வாயைப் பொத்திக்கொண்டாள். ரொம்ப லேட்.

"அண்ணா, வேண்டாம். உன் கால்ல விழறேன்."

"சேச்சே. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணப் போறேன்? நேர்மைன்னு ஒண்ணு இருக்கில்ல?" ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிரணியின் பஸ் இன்னும் நின்றிருந்தது. அதன் படியில் அவர்களுடைய செயலாளர் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். "அவரு பாவம், தோத்த சோகத்துல இருக்காரு. ஒரு ஆறுதல் சொல்லிட்டு வர்றேன்."

வரைபடத்தைப் பத்திரமாகச் சுருட்டினான். போகிற போக்கில் அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான்.

பாப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளப் காகிதம் போகும் இடம் இரண்டே இரண்டு. ஒன்று இது. இங்கே வரவில்லை என்றால், போன இடத்திலேயே இருக்கிறது.

பின் கேட் வழியாக ஓடினாள்.

* * *

அப்பா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளப் கோட் போட்டிருந்தார், நீலத்தில் வெள்ளைக் கரை. விழுந்த பிறகு ஒரு நாள்கூட அதைப் போட்டதில்லை. நர்ஸிடம் சொல்லிப் போட்டுக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் கூட்டத்தின் சத்தம் கேட்டது.

"ஜெயிச்சாச்சா?" என்றார்.

"ஜெயிச்சாச்சு."

"கோல் யாரு?"

"சுவர்."

முதலாளியின் வாய் பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதி இப்போது சிரித்தது. "அட!" என்றார்.

"லெட்டர் எங்கப்பா?"

மறைக்கவே இல்லை. "தலகாணிக்கு அடியில இருக்கும், பாரு."

இருந்தது. பழுப்புக் கவர் ஒழுங்காகக் கிழிக்கப்பட்டிருந்தது. 'ஒரு ஆட்டத்துக்குத் தடை விதிக்கப்படுகிறது.' மூலையில் சிவப்புப் பென்சில் குறி, தலைகீழாகச் சாய்ந்து.

"படிச்சிட்டீங்க. டிக்கும் போட்டுட்டீங்க." பாப்பா அவரைப் பார்த்துத் திரும்பினாள். "காலையில அவன் பேரைக் கேட்டீங்களே… நான், எங்க அப்பாவுக்கு அக்கறை வந்துடுச்சுன்னு நினைச்சேனே!"

"அக்கறையிலதான் கேட்டேன். லிஸ்டுல அவன் பேரு விட்டுப்போயிடக் கூடாதே."

"ஏம்பா?"

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டார். அவசரமே இல்லாமல் பேசினார்.

"போன மாசம் பேப்பர்ல என்ன போட்டான்? கோச் டீம்னு போட்டான். நாப்பத்தொரு வருஷம் இது முதலாளி டீம். என்கிட்ட சம்பளம் வாங்கினவன் பேரு அதுல ஏறிடுச்சு. இப்ப கூட்டம் என்ன கத்துதுன்னு கேளு."

கேட்டது. 'கோச் டீம்! கோச் டீம்!'

"அதுக்காக மொத்த டீமையுமா கொல்லுவீங்க? மைதானத்தை அண்ணன் வித்துடுவான்ப்பா. நீங்க எழுதின பத்திரம்!"

"அவன் விப்பான், கோச் தன் பேரை எழுதிக்குவான். ரெண்டு பேருக்கும் நான் செத்தவன். அது சாகறதுன்னா என் கையால சாகட்டும். நான் பெத்தது."

"நீங்க பெத்தவ நானும்தானேப்பா."

அவர் கோட்டின் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தார்.

பாப்பா கடிதத்தைத் தூக்கிப் பிடித்தாள். "நாளைக்கு லீக்ல போய்ச் சொல்லுவேன். எல்லாத்தையும் சொல்லுவேன். உங்க குறி இருக்கு இதுல. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் காட்டுவேன்."

"காட்டேன்." அப்பாவின் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு பக்கம் விழுந்த கிழவன் பென்சில்ல கீறினது. சரி. லெட்டரை வாங்கினதுக்கு லீக் நோட்டுல யாரு கையெழுத்து?"

தூக்கிப் பிடித்த கடிதம் கீழே இறங்கியது. 

"இன்னைக்கு, எல்லாரும் ஆடலாம்னு உறுதி குடுத்து, நாலு நகல்ல யாரு கையெழுத்து?"

ஒன்பது வருஷக் கையெழுத்து. தான் பிரிக்காமல் கொண்டுபோய் வைத்த கவர். அப்பா பார்க்காததைப் பார்க்கக்கூடாது என்று வளர்ந்த புத்தி.  யார் நம்புவார்கள்? ஊர் நம்புமா? தோளில் ஏறி வருகிறானே, அவன் நம்புவானா? முதலாளி மகள், அப்பன் சொன்னதைச் செய்தாள் என்றுதானே நினைப்பான்?

"அழாத. வந்துட்டாங்க" என்றார் அப்பா. "நாற்காலியைத் தள்ளு."

அவள் அசையவில்லை.

"தள்ளு பாப்பா. கூட்டம் காத்திருக்கு."

ஏன் தள்ளினாள் என்று பிறகு பல நாள் யோசித்தாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்த கை, இந்த முறையும் செய்துவிட்டது.

பால்கனிக்குக் கீழே தெரு முழுக்கத் தலைகள். நடுவில் தோள்மேல் கோச். ஜெயித்த பந்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான். நீலக் கோட்டைக் கண்டதும் கூட்டம் ஒரு கணம் அடங்கியது. பிறகு "முதலாளி! முதலாளி!" என்று வெடித்தது. அப்பா இடது கையை உயர்த்தி அத்தனை பேரையும் அடக்கினார்.

"மாப்ளே!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

கோச்சின் கை பாதியில் நின்றது. தன்னைத்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான், பைத்தியக்காரன்.

"உங்களைத்தான் மாப்ளே. மேல வாங்க. பந்தை உங்க கையால குடுங்க."

பதினான்கு வருஷம். அவன் முகம் கோணியது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில், வெட்கமே இல்லாமல் அழுதான். தோள் கொடுத்திருந்த சுவரும் அழுதான். அவன் ஷூவில் கைப்பைக் கயிறு இன்னும் கட்டியபடியே இருந்தது.

கூட்டத்துக்குப் பின்னால் அண்ணனின் கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து எதிரணிச் செயலாளர் இறங்கினார். அவர் கையில் பட்டியலின் நகல் இருந்தது. அண்ணன் அவருக்குப் பால்கனியைக் கையால் காட்டினான்.

பாப்பா கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கீழே கோச் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, 'சொன்னேல்ல நீ, சொன்னேல்ல!' என்பதுபோல அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

"சிரி பாப்பா" என்றார் அப்பா, உதடு அசையாமல். "அவன் உன்னைத்தான் பார்க்கறான்."

பாப்பா சிரித்தாள்.